சத்திரத்தான் எழுதும் மதிப்புரை: மலைக்கு வந்த மூன்று நாள் மருத்துவ ஊழியம்

பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரில் எங்கள் சபை இருக்கிறது. சமவெளி நகரம் ஒன்றிலிருந்து ஒரு கிறிஸ்தவ மருத்துவ ஊழியக் குழு 2024 பிப்ரவரியிலும் 2025 ஜூலையிலும் இங்கே வந்து, இரண்டு முறையும் மூன்று நாள் இலவச முகாம் நடத்திவிட்டுப் போனது. மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் 27 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இரண்டு முகாமுக்கும் ஊர்ப்பக்கத்து ஏற்பாடுகளைச் சபைக் கமிட்டி என் தலையில் கட்டியது. குழுவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. முதல் முறை நடந்த தவறுகளைக் கேட்டுக்கொண்டு, இரண்டாம் முறை பெரும்பாலும் திருத்திக்கொண்டு வந்தவர்களை ஊரறியப் பெயர் சொல்லிக் குறை கூறுவது முறையன்று. முதல் பயணத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன், இரண்டாவதற்கு நான்கு. இடையில் மாறியவை என்னென்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை தேதியைக் குறித்தவர்கள் அவர்களே. மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் விடுப்பு ஒத்துவந்த நாள்களைப் பார்த்து, பிப்ரவரி மூன்றாம் வாரம் வருகிறோம் என்று ஆயருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லும் துணிவு எங்களுக்கும் இல்லை. கீழ்மலையில் அது மிளகு பறிக்கும் பருவம். காப்பிப் பறிப்பு முடிந்து மிளகு தொடங்கும்போது, ஏணியில் ஏறத் தெரிந்த ஒருவனும் வீட்டில் தங்கமாட்டான். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இருமலுக்கு மருந்து வாங்க வரிசையில் நிற்பதற்கு யாருக்கும் மனம் வராது. ஆகவே முதல் இரண்டு நாளும் வந்தவர்கள் வேலைக்குப் போக முடியாத முதியவர்களும், பள்ளியிலிருந்து ஆசிரியர் வரிசையாக அழைத்து வந்த பிள்ளைகளுமே. அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தார்கள். பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். அதே மாத்திரையைப் பள்ளியிலேயே வாங்கி விழுங்கிவிட்டுத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். ஒரு மாத்திரை கூடுதலாகப் போனதால் பெரிய தீங்கு எதுவும் வந்துவிடாது. ஆனால் தலைமை ஆசிரியரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மாத்திரைகளுக்கான பணத்தில் வேறு ஏதாவது வாங்கியிருக்கலாம்.

பரிசோதனை நடந்த விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் மேட்டின் மேல் இருக்கிறது. கீழ்த்தெருவிலிருந்து வருகிறவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட கற்படிகள் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருவார்கள். வந்தவர்களை உட்காரக்கூட விடாமல் மாணவர் ஒருவர் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார வைத்து, முதுகுக்கும் கைக்கும் தாங்கல் கொடுத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். படியேறி வந்த எண்ணை வைத்தே ஊரில் பாதிப் பேரை அன்று பிரஷர்காரர்கள் ஆக்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் மேல்மலைக் கிராமம் ஒன்றுக்குப் போனபோது, விடியற்காலைக் குளிரில் சர்க்கரை பார்க்கும் கருவி எண்ணுக்குப் பதிலாகப் பிழைக் குறியைக் காட்டியது. பல கருவிகள் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக வேலை செய்யமாட்டா; அதைச் சட்டைக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் சூடேற்றினால் போதும் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் அப்படித்தான்: குளிரில் விறைத்த விரலில் அது சொல்லும் எண்ணைப் பார்த்து, நல்லபடியாக நடந்து வந்த ஒரு பெரியவரை 108-இல் ஏற்ற முயன்றார்கள். கையைத் தேய்த்துவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன், 96 காட்டியது.

பல் பிடுங்கும் கருவிகளை அடுப்பில் கொதிக்க வைத்து எடுத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. கொதிநீர் கிருமிகள் எல்லாவற்றையும் எந்த ஊரிலும் கொல்வதில்லை. 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவே நேரமெடுக்கும் ஊரில் பல் கருவியைக் கொதிக்க வைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைப்பதை எந்த ஊழியத்தின் பெயராலும் ஏற்க முடியாது. அன்று பிற்பகலே அதை நிறுத்தினார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக உறையிட்டு, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) கிருமி நீக்கிய கருவிகளை நகரத்திலிருந்தே எண்ணிக் கொண்டுவந்தார்கள். கருவி தீர்ந்ததும் பல் பிடுங்குவதும் நின்றது.

இனி மருந்து மேசைக்கு வருகிறேன். அது என் தொழில் என்பதால் இந்தப் பகுதி சற்று நீளும்.

முதல் முகாமில் கொடுத்த மாத்திரைகளில் பெரும்பகுதி நகரத்து மருத்துவர்களுக்கு மருந்துக் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்த மாதிரிகள். விற்பனைக்கு அன்று என்று அச்சிட்ட அட்டைகள், பத்து வகைப் பெயர்கள், பல அளவுகள், சிலவற்றில் காலாவதிக்கு இரண்டே மாதம். நன்கொடையாகப் போகும் மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் மருந்துக்காக எழுதப்பட்ட விதிதான் அது. நகரத்திலிருந்து மலைக்கு வரும் மருந்துக்கும் அந்த நியாயம் குறையவில்லை. ஒவ்வொரு உறையிலும் 1-0-1 என்று ஆங்கில முறையில் எழுதிக் கொடுத்தார்கள். கூடவே பளபளப்பான வண்ணத் தாளில் அச்சிட்ட வேத வசனத் துண்டுப் பிரசுரம் ஒன்று. வசனம் அருமையான தமிழில் இருந்தது. மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்பது மட்டும் தமிழில் இல்லை.

முகாம் முடிந்த ஒன்பதாம் நாள், எங்கள் தெருவில் எழுபது வயது தாண்டிய பாட்டி ஒருவர் குழாயடியில் மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் படுக்க வைத்து, கையைப் பிடித்துப் பார்த்து, பிரஷர் பார்த்தேன். 90-க்கும் கீழே இருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு மஞ்சள் பையை அவிழ்த்துக் கொட்டினார். ஒரு உறையில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதந்தோறும் வீட்டுக்கே வரும் அம்லோடிபின் 5 மில்லிகிராம். இன்னொன்றில் முகாமில் வாங்கிய கூட்டு மாத்திரை. வேறு பெயர், வேறு நிறம், உள்ளே அதே அம்லோடிபினும் கூடவே டெல்மிசார்ட்டானும். "தம்பி, இது கவர்மெண்டு மாத்திரை, இது கோயில் மாத்திரை. ரெண்டும் பிரஷருக்குத்தானாம். எதை விடச் சொல்ற?" என்று அவர் கேட்டார். விடுவதற்கு மனமில்லாமல் இரண்டையும் விழுங்கியிருக்கிறார். கோயில் மாத்திரை முப்பது நாளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. முப்பத்தொன்றாம் நாள் அதை எங்கே வாங்குவது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இந்த ஒரு நிகழ்ச்சியைத்தான் நான் குழுத் தலைவருக்கு எழுதினேன். மற்றக் குறைகளைப் பட்டியலிடவில்லை. பட்டியல் போட்டால் நன்றி மறந்தவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் எங்கள் கமிட்டிக்கு இருந்தது. பதில் ஒரு வாரத்தில் வந்தது. அவர் பெண் மருத்துவர். சாக்குச் சொல்லாமல், அடுத்த முறை வருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று எங்களிடமே கேட்டிருந்தார்.

நல்ல சமாரியன் கதையை மருத்துவ ஊழியம் செய்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டிய இடத்தோடு பெரும்பாலான பிரசங்கங்கள் நின்றுவிடும். ஆனால் அந்தச் சமாரியனும் குறுகிய காலப் பயணிதான். அவனுக்கு வேறு வேலை இருந்தது, மறுநாளே புறப்பட்டுவிட்டான். புறப்படும்போது சத்திரத்தான் கையில் இரண்டு பணம் கொடுத்து, கவனித்துக்கொள்ளச் சொல்லி, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டு போனான். வந்துபோகிற ஊழியத்தை நான் இந்தச் சத்திரத்தான் இருக்கும் இடத்திலிருந்துதான் அளக்கிறேன். எங்கள் ஊரில் அந்தச் சத்திரத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரும், மலைப்பாதையில் நடந்தே வீடுவீடாகப் போகும் நர்சம்மாவும், பக்கத்து வீட்டுக்காரர்களாகிய நாங்களுமே. முதல் பயணத்தில் எங்களிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை. மிச்சமான இரண்டு அட்டைப்பெட்டி மருந்தை மட்டும் ஆயர் வீட்டில் வைத்துவிட்டு, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மருத்துவர் சீட்டின்றி விற்கவோ வழங்கவோ கூடாத மாத்திரைகளை ஆயரம்மா எந்த அதிகாரத்தில் கொடுப்பார்?

இரண்டாம் பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே குழுவிலிருந்து இரண்டே பேர் வந்தார்கள். மருந்தோ பேனரோ கொண்டுவரவில்லை. ஒருநாள் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, அங்கே தொடர்ந்து கிடைக்கும் மருந்துகளின் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டார்கள். முகாமில் நீண்டகால நோய்களுக்கு அந்தப் பட்டியலில் உள்ள மருந்தை மட்டும், அதே அளவில் எழுதுவது என்றும், ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்களின் சிகிச்சையை அங்குள்ள மருத்துவரைக் கேட்காமல் மாற்றுவதில்லை என்றும் முடிவாயிற்று. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பிரஷருக்கோ சர்க்கரைக்கோ முகாமிலேயே மருந்து தொடங்காமல், சீட்டு எழுதி, எந்தத் தேதியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று குறித்து அனுப்புவது என்பது நர்சம்மா சொன்ன யோசனை. ஒரு மேசையில் ஒருநாள் எடுத்த அளவை வைத்து ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிடச் சொல்வதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மருத்துவர்கள் வாதாடாமல் ஏற்றுக்கொண்டது எனக்கு வியப்பாக இருந்தது.

சீட்டு மூன்று பிரதிகளாக இருந்தது. ஒன்று நோயாளிக்கு, ஒன்று சுகாதார நிலையத்துக்கு, மூன்றாவது எங்கள் சபைக்கு. மூன்றாவதைப் பற்றிக் கமிட்டியில் ஒரு மாலை முழுக்கப் பேச்சு நடந்தது. இன்னாருக்கு இன்ன நோய் என்ற செய்தி கோயில் அலமாரியில் இருக்கலாமா? கூடாது என்பது என் கட்சி. சின்ன ஊரில் அலமாரிக்கும் வாய் உண்டு. கடைசியில் சபைப் பிரதியில் பெயரும் போக வேண்டிய தேதியும் மட்டும் இருக்கும், நோயின் பெயர் இருக்காது என்று தீர்மானித்தோம். மருந்து உறையில் சூரியன் உதிப்பது போல ஒரு முத்திரை, உச்சிச் சூரியன் ஒன்று, பிறை நிலா ஒன்று. சாப்பாட்டுக்கு முன்பென்றால் காலித் தட்டு, பின்பென்றால் சோறு வைத்த தட்டு. பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஒன்று ரப்பரில் செதுக்கிக் கொடுத்த முத்திரைகள் அவை. குழாயடியில் விழுந்த பாட்டி உறையைத் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நிலாவுக்கு ஒண்ணு என்று சரியாகச் சொன்னார்.

ஜெபத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் இது கிறிஸ்தவ ஊழியத்தைப் பற்றிய மதிப்புரையாகாது. முதல் முகாமில் பதிவு மேசைக்கும் மருத்துவர் மேசைக்கும் நடுவில் ஜெப மேசையைப் போட்டிருந்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லைதான், ஆனால் வரிசை அதைத் தாண்டித்தான் நகர்ந்தது. தோட்டத்து வேலைக்காரர் ஒருவர், "ஜெபம் பண்ணினாத்தான் டாக்டரைப் பாக்க முடியுமா சார்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர் எங்கள் மதத்தவர் அல்லர். என் பிள்ளைக்குக் காது குத்தியபோது மொய் எழுதிய மனிதர். எனக்கு அந்த இடத்திலேயே கூச்சமாகிவிட்டது. நோயாளி என்பவன் மறுக்கத் துணிவில்லாத நிலையில் நிற்பவன். அவன் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது சட்டப்படியும் ஆபத்து, சுவிசேஷத்துக்கும் அவமானம். இரண்டாம் முறை எல்லா மேசைகளுக்கும் பிறகு, வாசலுக்கு வெளியே, பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் நான்கு நாற்காலிகள் போட்டு எங்கள் ஆயரே உட்கார்ந்தார். மருந்தை வாங்கிக்கொண்டவர்கள் வேண்டுமானால் அங்கே போனார்கள், வேண்டாமென்றால் படியிறங்கினார்கள். அந்தத் தோட்டத்து வேலைக்காரர் மரத்தடியில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்படி முன்கூட்டிக் கேட்டுச் செய்வதெல்லாம் புதிதாக யாரோ கண்டுபிடித்ததன்று. 2003-இல் அமெரிக்காவில் குறுகியகால ஊழியப் பயணங்களுக்கென்று வகுத்த ஏழு தரநெறிகளில், உபசரிக்கும் ஊராரோடு சேர்ந்தே திட்டமிடுவது ஒன்று, தொடர் கவனிப்பு இன்னொன்று. உலகச் சுகாதாரப் பணிக்கெனப் பின்னர் வந்த பிரோஷே அறிக்கை, தேவை எது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த ஊராரே என்று ஆறு நெறிகளில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. வேலூரில் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர், பிறகு சாலையோர மரத்தடிகளில் நடத்திய மருத்துவம் மக்கள் நம்பிக்கையைப் பெற்றதற்குக் காரணம், வண்டி ஒருமுறை வந்து மறைந்துவிடாமல் மீண்டும் மீண்டும் அதே பாதையில் வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். அவர் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1960-இல் கண்ணை மூடியதும் எங்கள் கொடைக்கானலில்தான். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் முறையும் கண்முன்னே இருக்கிறது: ஊரில் பரிசோதனை மட்டும், அறுவை தேவைப்படுகிறவர்களை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கே கொண்டுபோய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டு, மறுபடி வந்து பார்ப்பது. பள்ளிக்கூட வகுப்பறையில் கத்தி எடுக்க ஆசைப்படுகிற எந்தக் குழுவும் அதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மூன்று நாளில் முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய வேலைகளும் உண்டு; இரண்டாம் பயணத்தில் குழு அவற்றின் மேல் கவனம் வைத்தது. காப்பிக்கொட்டையில் கல் பொறுக்கும் பெண்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். ஒரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, எழுத்தோ ஊசிக்காதோ தெரிகிறதா என்று கேட்டுக் கொடுத்துவிட்டால் அந்த வேலை அன்றே முடிந்தது. காதில் அடைத்த அழுக்கை எடுத்து, பல ஆண்டுகளாகச் செவிடு என்று பெயர் வாங்கிய ஒருவருக்குக் காது கேட்க வைத்தார்கள். சுகாதார நிலையத்து மருத்துவர் கேட்டுக்கொண்டபடி, வீடுவீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். கையளவு நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தத் தன்னார்வலர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள். இந்தப் பயணத்தில் செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்டால், இந்தப் பிற்பகலைத்தான் நான் முதலில் காட்டுவேன். மாணவர்களும் இம்முறை நோயாளியைத் தனியாகப் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பினால் எதைச் செய்ய அனுமதி இல்லையோ அதை மலையிலும் செய்யக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வர விரும்பிய மருத்துவர் ஒருவரையும், இந்தியாவில் மருத்துவம் பார்ப்பதற்கு உரிய அனுமதி இல்லாததால், மருத்துவராக வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அது சரியான முடிவு.

குழு அடுத்து நீலகிரிக்கு, கூடலூர்ப் பக்கம் போக எண்ணியிருப்பதாகவும் எங்களிடம் கேட்ட அதே கேள்விகளை அங்கே யாரிடம் கேட்பது என்றும் தலைவர் விசாரித்தார். மலை என்பதால் எல்லாம் ஒன்றென்று நினைக்க வேண்டாம் என்று சொன்னேன். இந்தியாவில் அரிவாள் உயிரணு நோய் (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்) முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடையேதான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். அந்த நோய் உள்ளவரின் இரத்தசோகை இரும்புச்சத்துக் குறைவால் வருவதன்று. கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வெளிறியிருக்கிறது என்று எல்லாருக்கும் சத்து மாத்திரை கொடுக்கும் முகாம் வழக்கம் அங்கே நோயை மறைக்கவே உதவும். கைகால் வலி என்று வருகிற இளைஞனுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். கோத்தகிரியில் 1958 முதல் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், கூடலூரில் 1990-இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் இந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் அறிந்து வைத்திருக்கிறவர்கள். அவர்கள் வாசலில் போய் நின்று, எங்களால் ஏதாவது பயனுண்டா என்று கேளுங்கள், இல்லை என்று அவர்கள் சொன்னால் திரும்பி வாருங்கள் என்றேன். தலைவர் சிரித்தார், ஆனால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சில்லறை விஷயங்கள் சிலவும் உண்டு. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும்; மேல்மலைக்குப் போகிற குழு நகரத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால் அதை முன்பே எடுத்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றி வராதீர்கள். கோயில் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வைக்க எங்களால் முடியும். இரத்தம் பார்த்த ஊசிமுனைகளும் பஞ்சும் 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி முகாம் நடத்துகிறவர்களின் பொறுப்பு. முதல் முறை அவை கோயிலுக்குப் பின்னால் குழியில் எரிக்கப்பட்டன, இரண்டாம் முறை வெள்ளைப் பெட்டியிலும் மஞ்சள் பையிலும் அடைத்து வண்டியிலேயே திரும்பிப் போயின. பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள் சில சரணாலய எல்லைக்குள் இருப்பதால், வனத்துறையைக் கேட்காமல் அங்கே வண்டியை விடக் கூடாது. படம் எடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: முதல் பயணத்தில் எடுத்த ஒரு பாட்டியின் படம் நன்கொடை கேட்கும் தாளில் வந்துவிட்டது, அவர் மகன் அதை நகரத்தில் ஒரு கோயில் பலகையில் பார்த்துவிட்டு, எங்கம்மாவை நான் சோறில்லாமல் விட்டிருக்கிறேனா என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். அவன் கேட்டதில் தவறில்லை.

இரண்டாம் பயணத்துக்கு ஐந்து தராமல் நான்கில் நிறுத்தியதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். அதில் பாதிப் பங்கு எங்களுடையது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று டோக்கன் முறை வைத்தோம். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடமாவது கிடைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டாம் நாள் மதியத்துக்குள் கமிட்டி உறுப்பினர்களே ஆளுக்கு நான்கைந்து உறவினர்களைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்துவிட்டார்கள். அவர்களை மறுக்கும் தைரியம் குழுவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மாலையில் மருத்துவர்கள் ஒருவரை மூன்று நிமிடத்தில் பார்த்து அனுப்பினார்கள். ஊசி போடலையா டாக்டரம்மா என்று கேட்டவர்களுக்கு, ஏன் தேவையில்லை என்று விளக்கிச் சொல்ல நேரம் இல்லாததால் ஒருவர் இருவருக்கு வைட்டமின் ஊசி போட்டுவிட்டதும் உண்மை. மூன்று மணிக்கு மூட வேண்டிய முகாம் ஐந்தரை வரை நீண்டது. மேட்டுக் குடியிருப்புகளுக்கு நடந்து திரும்புகிறவர்கள் அந்த நேரத்தில் காட்டுமாடு இறங்கும் பாதையில் போக வேண்டியிருந்தது. நல்லவேளையாக ஒன்றும் நடக்கவில்லை, ஜீப்காரர் ஒருவர் இரண்டு நடை இலவசமாகக் கொண்டுபோய் விட்டார். இன்னொரு குறை, இம்முறையும் அவர்களோடு மருந்தாளுநர் வரவில்லை. மருந்து மேசையில் மூன்று நாளும் நானே நின்றேன். அது எனக்குப் பிடித்த வேலைதான், ஆனாலும் நான் படுத்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டியது என் கடமை.

சமையலைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்றம். முதல் முறை 22 பேருக்கு மூன்று வேளையும் சபைப் பெண்கள் ஆக்கிப் போட்டார்கள். முகாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, சமையற்கட்டில் நின்ற எட்டுப் பேரில் ஒருவர்கூட மருத்துவரைப் பார்க்கவில்லை என்பது. இம்முறை குழுவே தன் செலவில் வத்தலக்குண்டிலிருந்து சமையற்காரரை அழைத்து வந்தது, எங்கள் பெண்கள் டோக்கனோடு வரிசையில் நின்றார்கள். சாப்பாடு முன்பு போல் இல்லை என்பது வேறு விஷயம்.

புறப்படும் நாளில் குழு எங்களிடம் ஒப்படைத்தவை இவை: சீட்டுகளின் ஒரு கட்டு, ஒரு நோட்டு, அடிவாரத்து மருத்துவமனைக்குப் போக முடியாதவர்களின் பேருந்துச் செலவுக்கும் பரிசோதனைக்கும் ஒரு சிறு தொகை, அதற்கு ரசீதுப் புத்தகம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை தலைவர் தொலைபேசியில் அழைப்பார். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால், நான் நோட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையார் கோயில் வளைவில் போய் நிற்பேன். பெயரும் தேதியும் வாசிப்பேன். போனவர், போகாதவர் என்று இருவரும் குறித்துக்கொள்வோம். பரிந்துரைச் சீட்டு வாங்கியவர்களில் மூன்று பேர் நெடுநாள் போகாமல் இருந்தார்கள். ஒருத்தி மகள் பிரசவத்துக்குத் திண்டுக்கல் போய்விட்டாள்; அங்கேயே பார்த்துக்கொண்டதாகச் சொல்லி அனுப்பினாள். இன்னொருவருக்குத் துணைக்கு ஆள் இல்லை. நர்சம்மாவே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாமவர் கன்னத்தின் உள்ளே வெள்ளைப் புண்ணோடு வந்த வெற்றிலைப் புகையிலைக்காரர். பயாப்ஸி (புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதியதை அவரே என்னிடம் காட்டியிருந்தார். வாழைத்தார் வெட்டு முடியட்டும் என்றார், பிறகு காப்பி முடியட்டும் என்றார். போன சனிக்கிழமை நான் வளைவில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவரே மேலே நடந்து வந்தார். பேச்சை நிறுத்தாமல் கைப்பேசியை அவரிடம் நீட்டினேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன், நீங்களும் கூட வாருங்கள் சார் என்றார். நோட்டில் அவர் பெயருக்கு நேரே தேதியை எழுதிக்கொண்டேன். போனவரா போகாதவரா என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.